குடும்பத்தைப் பிரிப்பது நானா?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் கடைசியில் இலக்கம் போட்டு எழுதியிருப்பதை மட்டுமாவது வாசியுங்கள். உங்கள் வீட்டில் ஒரு பெண்பிள்ளை இருந்தால் என்றைக்காவது உதவும்.

போன கிழமை என்னுடைய வட்ஸ்அப்புக்கு ஒரு செய்தி வந்தது. பெயருமில்லை, படமுமில்லை. "டீச்சர், குடும்பம் பிரிக்கிற வேலைய உட்டுட்டு புள்ளையளுக்குப் படிப்பிக்கிற வேலையப் பாருங்க. அல்லாஹ்வுக்குப் பயந்துக்கங்க."

அனுப்பியவர் யாரென்று எனக்குத் தெரியும். நம்மட ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தம்தானே. அவரோடு நேரில் பேசியிருக்கலாம். ஆனால் இதே பேச்சை நான் கல்யாண வீட்டிலும் கேட்டேன், மையத்து வீட்டிலும் கேட்டேன், ஆசிரியர் ஓய்வறையிலும் கேட்டேன். அதனால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: ஆரம்பப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாகப் படிப்பிக்கிறேன். என் வீட்டுக்காரர் இன்னும் என்னோடுதான் இருக்கிறார். இந்தப் பதிவில் இரண்டு எழுத்துப் பிழை திருத்தித் தந்தவரும் அவர்தான். குடும்பம் பிரிக்கிறது என் தொழிலாக இருந்தால் முதலில் சொந்த வீட்டில்தானே கைபழகியிருப்பேன்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் வகுப்பில் ஒரு பிள்ளை. எட்டு வயது. ஊர், பெயர், அடையாளம் ஒன்றும் சொல்ல மாட்டேன். போன தவணையில் இடாப்பில் அந்தப் பிள்ளைக்கு நேரே சிவப்பு அடையாளம் கூடிக்கொண்டே போனது. உம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "சப்பாத்து பிஞ்சிட்டு டீச்சர். அடுத்த மாசம் வாங்கித் தந்து அனுப்புறன்" என்றார். பிள்ளையின் வாப்பா வேலை செய்கிறவர். நல்லாச் சம்பாதிக்கிறவர். எட்டு மாதமாக வீட்டுக்கு வருவதில்லை, ஒரு சதம் கொடுப்பதில்லை. தலாக்கும் சொல்லவில்லை. அந்தப் பெண் மனைவியா, விவாகரத்தானவளா என்று அவருக்கே தெரியாது.

அதற்குப் பிறகு ஒரு நாள், இடைவேளை முடிந்த நேரம், ஓட்டோ ஒன்று கேற்றடியில் வந்து நின்றது. வாப்பாவின் ஆட்கள் வந்து, பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டும் என்றார்கள். உம்மாவுக்குத் தகவல் போய் அவரும் ஓடி வந்தார். கேற்றுக்கு இந்தப் பக்கம் உம்மா, அந்தப் பக்கம் மாமிமார். நடுவில் எங்கள் அதிபர். "யாருட்டயாவது கோட்டு ஓடர் இருக்கா?" என்று கேட்டார். ஒருவரிடமும் ஒரு துண்டுக் கடதாசி கூட இல்லை. அந்தப் பிள்ளை என் அபாயாவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று பின்னேரம் அந்த உம்மா என்னிடம் ஒரு கடதாசியைக் காட்டினார். சீஆர் கொப்பியில் கிழித்த தாள். பள்ளியோடு தொடர்புள்ள ஒருவர் எழுதிக் கொடுத்ததாம். அதிலுள்ளதன் சுருக்கம் இதுதான்: நான் என் விருப்பத்தோடு குல்உ கேட்கிறேன், மஹரும் வேண்டாம், வாப்பா கொடுத்த கைக்கூலிக் காசும் வேண்டாம், பிள்ளைக்குச் செலவும் கேட்க மாட்டேன்.

"கையெழுத்து வெச்சாத்தான் உடுவாராம் டீச்சர். வெக்கலண்டா புள்ளய எடுத்துக்குவாராம். பஸ்ஹு கேட்டு காதிட்டப் போனா, காதி புள்ளய வாப்பாட்டக் குடுத்துருவாராம்."

நான் அந்த உம்மாவிடம் மூன்று விஷயம் சொன்னேன்.

ஒன்று, பிள்ளையை யாரிடம் கொடுப்பது என்று தீர்ப்புச் சொல்ல காதிக்கு அதிகாரம் இல்லை. அது மாவட்ட நீதிமன்றத்தின் வேலை. காதி சொன்னாலும் அது அவருடைய அபிப்பிராயம், நீதிமன்றக் கட்டளை ஆகாது.

இரண்டு, பிள்ளைக்குத் தாபரிப்புக் கேட்க விவாகரத்து வரை காத்திருக்கத் தேவையில்லை. நிக்காஹ்வில் இருக்கும்போதே, இன்றைக்கே, காதியிடம் விண்ணப்பிக்கலாம்.

மூன்று, அந்தக் கடதாசியில் கையெழுத்து வைக்க வேண்டாம்.

இவ்வளவுதான். நான் குடும்பம் பிரித்த கதை இதுதான். எட்டு மாதமாக வீட்டுக்கு வராத மனிசன் குடும்பத்தைப் பிரிக்கவில்லை. பிள்ளையின் சாப்பாட்டை விலையாக வைத்துக் கடதாசி எழுதியவர் பிரிக்கவில்லை. ஓட்டோ கொண்டுவந்து பாடசாலைக் கேற்றில் நின்றவர்கள் பிரிக்கவில்லை. சட்டத்தில் இருப்பதை வாய்திறந்து சொன்ன டீச்சர்தான் பிரித்தாள்!

இனி அந்தக் கடதாசியைப் பற்றிப் பேசுவோம். ஏனென்றால் அது ஒரு வீட்டுக் கடதாசி அல்ல. ஊருக்கு ஊர், வேறு வேறு கையெழுத்தில், இதே கடதாசி சுற்றிக்கொண்டிருக்கிறது.

குல்உ மார்க்கத்தில் உள்ளது. ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவி நபி (ஸல்) அவர்களிடம் வந்து, கணவரின் மார்க்கத்திலும் குணத்திலும் குறை சொல்லாமல், அவரோடு வாழ முடியவில்லை என்று சொன்ன சம்பவம் நம் எல்லாருக்கும் தெரியும். மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி நபியவர்கள் அவரை விடுவித்தார்கள். அந்தப் பெண்ணிடம் இரண்டு சாட்சி கேட்கவில்லை. போய்ப் பொறுமையாக இரு என்று திருப்பி அனுப்பவில்லை. முக்கியமாக, கணவரிடம் குற்றம் இல்லாத இடத்தில்தான் மஹர் திரும்பிப் போனது.

நம்மட ஊரில் என்ன நடக்கிறது? குற்றம் செய்தவர் ஆண். செலவு கொடுக்காதவர், அடிக்கிறவர், விட்டுப்போனவர். அந்த இடத்தில் பெண்ணுக்கு உரியது பஸ்ஹ். ஆனால் பஸ்ஹ் போட்டால் அவருடைய பெயர் கெடும், கைக்கூலியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும், தாபரிப்புக் கட்ட வேண்டிவரும். ஆகவே நாலு பெரியவர்கள் கூடி அவளைக் குல்உ பக்கம் தள்ளுகிறார்கள். குற்றம் அவருடையது, அபராதம் அவளுடையது. இதற்குப் பெயர் சமரசமாம்.

சரி, மஹர் அவளுடைய சொத்து. அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு உரிமை இருக்கிறது. பிள்ளையின் சாப்பாடு அவளுடைய சொத்தா? தனக்குச் சொந்தமில்லாத ஒன்றை ஒருத்தி எப்படி எழுதிக் கொடுப்பாள்? அபூ ஸுப்யானின் மனைவி ஹிந்த் (ரலி) வந்து, தனக்கும் பிள்ளைகளுக்கும் போதுமான செலவைக் கணவர் தருவதில்லை என்று முறையிட்டபோது, அவருக்குத் தெரியாமலேயே நியாயமான அளவு எடுத்துக்கொள்ளலாம் என்று நபியவர்கள் அனுமதித்தார்கள். அனுமதித்த இடத்தில் பிள்ளைகளும் சேர்ந்துதான் இருக்கிறார்கள். எடுத்துக்கொள்ளச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு நாம் எழுதிக்கொடுக்கச் சொல்கிறோம்.

"பொறுமையா இருங்க" என்று சொல்கிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி. ஸப்ர் யாருக்கு? வெள்ளிக்கிழமை குத்பாவில் பெண்ணின் பொறுமையைப் பற்றி நான் கேட்டு வளர்ந்திருக்கிறேன். தாபரிப்புக் கட்டாத தகப்பனைப் பற்றி ஒரு முழுக் குத்பா எனக்கு ஞாபகத்தில் இல்லை. மனைவியை வைத்துக்கொள்வதென்றால் நல்ல முறையில் வைத்துக்கொள், விடுவதென்றால் நல்ல முறையில் விடு, துன்புறுத்துவதற்காகப் பிடித்து வைக்காதே என்பது ஸூரா பகராவின் 231ஆம் வசனத்தின் கருத்து. எட்டு மாதம் தொங்கவிடுவது அந்த வசனத்துக்கு நேர் எதிரானது. கணவனைப் பற்றி முறையிட்ட ஒரு பெண்ணின் பேச்சை அல்லாஹ் கேட்டுவிட்டான் என்று தொடங்குகிற ஒரு ஸூராவே (அல் முஜாதலா) குர்ஆனில் இருக்கிறது. அல்லாஹ் கேட்டதைக் கேட்க நம்மட பெரியவர்களுக்கு நேரமில்லை.

அடுத்தது சட்டம். இதைப் பற்றிப் பேசினாலே "ஷரீஆவில் கை வைக்கிறாள்" என்று எழுத ஒரு கூட்டம் காத்திருக்கும். எழுதுங்கள். ஆனால் எதைப் பாதுகாக்கிறோம் என்று ஒரு தடவை திறந்து வாசித்துவிட்டு எழுதுங்கள்.

நம்மிடம் இருப்பது 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். இதற்கு முன்னால் 1929இல் ஒரு கட்டளைச் சட்டம் இருந்தது. அதற்கும் முன்னால் 1806இல் வெள்ளைக்காரர் ஆட்சியில் வந்த முஹம்மதியக் கோவை. அதாவது ஒவ்வொரு காலத்திலும் மனிதர்கள் உட்கார்ந்து எழுதி, திருத்தி, மாற்றி வந்த சட்டம். 1951இல் இதை நிறைவேற்றிய நாடாளுமன்றத்தில் பெரும்பான்மையானோர் முஸ்லிம்களே அல்ல. அன்றைக்கு அவர்கள் கை வைத்தபோது கெடாத ஷரீஆ, இன்றைக்கு அதிலுள்ள குறையைத் திருத்தினால் கெட்டுவிடுமா?

அந்தச் சட்டத்தில் கணவன் தலாக் சொல்ல வேண்டுமென்றால், மனைவி வசிக்கும் பகுதிக் காதிக்கு அறிவித்தல் கொடுத்தால் போதும். காரணம் நிரூபிக்கத் தேவையில்லை. காதி சமாதானத்துக்கு முயற்சி செய்வார். முப்பது நாளில் சரிவரவில்லை என்றால் காதிக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் தலாக்கைச் சொல்லலாம். மனைவி பஸ்ஹ் கேட்டால்? அவள் கணவனின் குற்றத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால் போதாது, சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். கேட்டுத் தீர்மானிக்க மூன்று பேர் கொண்ட ஜூரி. காதியும் ஆண், ஜூரியும் ஆண்கள். மேன்முறையீடு செய்தால் அங்கே காதிகள் சபையின் ஐந்து பேரும் ஆண்கள். மாதவிடாய் நாளில் அடித்தான், படுக்கையறையில் இன்னது செய்தான் என்று ஒரு பெண் இத்தனை ஆண்களுக்கு முன்னால் எப்படிச் சொல்வாள்? பூட்டிய அறைக்குள் நடந்ததற்குச் சாட்சி எங்கிருந்து வரும்?

காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணி ஆஜராக முடியாது என்பதும் சட்டத்தில் உள்ளது. ஏழைகளுக்குச் செலவில்லாமல் முடியட்டும் என்று சொல்லப்படுகிற காரணம் கேட்க அழகாக இருக்கும். நடப்பது வேறு. கணவன் பக்கம் நாக்கு வன்மையுள்ள நானாமார் நாலு பேர் வருவார்கள். பெண் பக்கம் வயதான வாப்பா மட்டும் வருவார். சட்டத்தரணி இல்லாத இடத்தில் சத்தம் உள்ளவர்தான் சட்டத்தரணி.

இதையெல்லாம் நமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமை அத்தியாயத்தைக் காட்டி எதிர்க்கவும் வழியில்லை. 16(1)ஆம் உறுப்புரை பழைய சட்டங்கள் எல்லாவற்றுக்கும் பாதுகாப்புக் கொடுத்துவிட்டது. 1995இல் இந்த நாட்டின் பொதுச் சட்டத்தில் கல்யாண வயது 18 ஆனது. முஸ்லிம் பிள்ளைக்கு மட்டும் ஆகவில்லை. பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் திருமணத்தைக்கூடக் காதியின் அனுமதியோடு பதியலாம் என்று அந்தச் சட்டப் புத்தகம் சொல்கிறது. பன்னிரண்டு என்றால் தரம் 7. தரம் 7இல் பிள்ளைகள் எப்படி இருப்பார்கள் என்று தெரியாதவர்கள் ஒரு நாள் எங்கள் பாடசாலைக்கு வாருங்கள், காட்டுகிறேன்.

காதிமார் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஓய்வுபெற்ற அதிபர்கள், நல்ல உலமாக்கள், தன் கைக்காசு செலவழித்து அறிவித்தல் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஒழுங்கான கட்டிடம் இல்லாமல் வீட்டு விறாந்தையில் வழக்கு விசாரிக்கிற நிலைமைக்கு அவர்களை விட்டதும் நாமும் அரசாங்கமும்தான். நல்ல மனிசன் கிடைத்தால் நீதி கிடைக்கும், இல்லாவிட்டால் இல்லை என்பது அதிர்ஷ்டச் சீட்டு. அதைச் சட்டம் என்று சொல்ல முடியாது.

"பெண் காதியா? அஸ்தஃபிருல்லாஹ்" என்கிறவர்கள் மலேசியாவைப் பாருங்கள். நம்மைப் போலவே ஷாஃபிஈ மத்ஹபு நாடு. அங்கே 2010இல் ஷரீஆ நீதிமன்றத்துக்குப் பெண் நீதிபதிகளை நியமித்தார்கள். இந்தோனேசியாவில் மார்க்க நீதிமன்றங்களில் பெண் நீதிபதிகள் பல வருடங்களாக இருக்கிறார்கள். பலஸ்தீனத்தில் 2009இலேயே நியமித்துவிட்டார்கள். அவர்களுக்குத் தெரியாத இஸ்லாம் நமக்கு மட்டும் தெரியுமா?

இன்னொரு வாதம் இருக்கிறது. அதை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். "நாம இதத் திறந்தா இனவாதிகள் பூந்துருவான். ஒரே நாடு ஒரே சட்டம் எண்டு எல்லாத்தையும் எடுத்துருவான்." அந்தப் பயம் எனக்கும் உண்டு. 2019 ஏப்ரலுக்குப் பிறகு நாங்கள் எப்படிப் பாடசாலைக்குப் போனோம், பஸ்ஸில் எங்களை எப்படிப் பார்த்தார்கள் என்பதை நான் மறக்கவில்லை. 2021இல் "ஒரே நாடு ஒரே சட்டம்" செயலணிக்கு யாரைத் தலைவராகப் போட்டார்கள் என்பதையும் மறக்கவில்லை. நம்மட பெண்களின் கண்ணீரை நம்மை அடிக்கக் கம்பாக எடுத்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு என் பிள்ளையின் சப்பாத்தைப் பற்றிக் கவலை கிடையாது.

ஆனால் அந்தக் கம்பை வெட்டிச் சீவிக் கொடுத்தது யார்? 2009இல் நீதியரசர் ஸலீம் மர்சூப் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். நம்மட ஆட்கள், உலமாக்கள், சட்டத்தரணிகள், பெண்கள் எல்லாரும் இருந்த குழு. அறிக்கை கையளிக்கப்பட்டது 2018 ஜனவரியில். ஒன்பது வருடம்! அதிலும் இரண்டாகப் பிரிந்து இரண்டு விதமான சிபாரிசு. 2009இல் மடியில் பிள்ளையோடு காதி வாசலில் நின்ற ஒரு உம்மாவை நினைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளை நடந்து, பேசி, பாடசாலை சேர்ந்து, தரம் 4 வரை வந்த பிறகுதான் அறிக்கையே வந்தது. இன்று அந்தப் பிள்ளை ஓஎல்லும் எழுதி முடித்துவிட்டது. சட்டம் மட்டும் அதே வகுப்பில் இருக்கிறது. என் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி இருந்தால் பெற்றாரைக் கூப்பிட்டு விசாரிப்போம்.

நாமே திருத்தியிருந்தால் அடுத்தவன் கேட்க என்ன இருந்திருக்கும்? வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று பிள்ளை சொன்னால் பிள்ளையின் வாயைப் பொத்துகிறோம், பக்கத்து வீட்டுக்காரன் சிரிப்பானாம். கூரையை வேய்ந்தால் சிரிக்க மாட்டானே!

பிள்ளையின் விஷயத்துக்கே திரும்பி வருகிறேன். ஒரு பெண் நபியவர்களிடம் வந்து, என் வயிறு இவனுக்குப் பாத்திரமாக இருந்தது, இப்போது இவனுடைய தகப்பன் என்னிடமிருந்து பறிக்கப் பார்க்கிறான் என்ற கருத்தில் முறையிட்டார். நீ மறுமணம் செய்யாத வரை உனக்கே உரிமை அதிகம் என்பது அவர்களுடைய தீர்ப்பின் கருத்து. ஷாஃபிஈ மத்ஹபில் பிள்ளைக்கு விபரம் தெரியும் வயது வரை, ஏறக்குறைய ஏழு வயது வரை, தாய்க்குத்தான் முன்னுரிமை. அதன் பின் பிள்ளையின் விருப்பமும் கேட்கப்படும். மாவட்ட நீதிமன்றமும் பிள்ளையின் நலனைத்தான் பெரிதாகப் பார்க்கும். "காதிட்டப் போனா புள்ள போயிரும்" என்று பயம் காட்டுவதற்கு மார்க்கத்திலும் இடமில்லை, சட்டத்திலும் இடமில்லை.

இதில் உம்மாமாருக்கும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் நியாயமாக எழுதியதாக ஆகாது. தாபரிப்புத் தராததால் பிள்ளையைக் காட்ட மாட்டேன் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். வாப்பாவைப் பற்றிப் பிள்ளையின் காதில் தினமும் நஞ்சு ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர் உங்களுக்குக் கெட்ட கணவராக இருக்கலாம். பிள்ளைக்கு அவர் வாப்பா. செலவு கொடுப்பது பிள்ளையைப் பார்ப்பதற்கான டிக்கட் அல்ல. பிள்ளையைக் காட்டுவது செலவுக்கான ரசீதும் அல்ல. இரண்டும் தனித்தனியாகப் பிள்ளையின் உரிமை. சித்திரம் வரையச் சொன்னால் சில பிள்ளைகள் வீட்டில் ஒரு ஆளை வரைந்துவிட்டு அழித்துவிடுகிறார்கள். நான் அந்தக் கொப்பிகளுக்குப் புள்ளி போடுகிறவள்.

இனி, இலக்கம் போட்டு எழுதுகிறேன். நான் சட்டத்தரணி அல்ல. சட்டப் புத்தகத்தை வாசித்து, தெரிந்தவர்களிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டவை மட்டும்.

1. கல்யாணத்தைக் கட்டாயம் பதியுங்கள். பதியாவிட்டாலும் நிக்காஹ் செல்லும் என்பது சட்டம். ஆனால் நாளைக்கு வழக்கு என்று வந்தால் நிரூபிக்க அலைய வேண்டியது பெண்தான்.

2. மஹரையும் கைக்கூலியையும் பதிவில் உள்ளபடி எழுதுங்கள். இலட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு வெட்கத்துக்காக அந்த இடத்தை வெறுமையாக விடாதீர்கள். கைக்கூலியாகக் கொடுத்த காசையும் அசையும் பொருளையும் காதி மூலம் திருப்பிக் கேட்கலாம். வீடு, காணி அதில் வராது. அதற்குச் சிவில் நீதிமன்றம்தான். ஆகவே மகளுக்குக் கட்டிய வீட்டை மகளின் பெயரில் எழுதுங்கள். மருமகன் தங்கமான பிள்ளையாக இருந்தாலும் சரிதான்.

3. கணவர் செலவு தராவிட்டால், விவாகரத்துக் கேட்காமலேயே உங்களுக்கும் பிள்ளைக்கும் தாபரிப்புக் கேட்டுக் காதியிடம் விண்ணப்பிக்கலாம். கட்டளை போட்டும் அவர் கட்டாவிட்டால், நிலுவையை நீதவான் நீதிமன்றம் மூலம் தண்டப்பணம் போல அறவிட வழி இருக்கிறது. அதற்கான சான்றிதழை அனுப்பும்படி காதியிடம் கேளுங்கள். வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுத்துப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

4. குற்றம் கணவரிடம் என்றால் உங்களுக்குரியது பஸ்ஹ். குல்உவுக்குச் சம்மதிப்பதற்கு முன் மூன்று நாள் யோசியுங்கள், நம்பிக்கையான ஒருவரிடம் கேளுங்கள். வெற்றுத் தாளிலோ வாசிக்காத தாளிலோ கையெழுத்து வைக்காதீர்கள். ஏற்கனவே பிள்ளையின் செலவை விட்டுக்கொடுத்துக் கையெழுத்து வைத்தவர்கள், எல்லாம் முடிந்தது என்று இருக்காதீர்கள். அந்தக் கடதாசியை ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

5. பிள்ளை யாரிடம் இருப்பது என்பது மாவட்ட நீதிமன்றத்துக்குரியது. யாராவது பிள்ளையைப் பறித்துக்கொண்டு போய்விட்டால் ஆட்கொணர்வு மனு என்று ஒன்று இருக்கிறது. நீதிமன்றக் கட்டளை கையில் இருந்தால் ஒரு பிரதியைப் பாடசாலை அதிபரிடமும் கொடுத்து வையுங்கள். கேற்றடியில் எங்களுக்கு உதவுவது அந்த ஒரு கடதாசிதான்.

6. அடி, உதை என்றால் 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் முஸ்லிம் பெண்களுக்கும் பொதுவானது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியையும் ஆஸ்பத்திரித் துண்டையும் எறியாதீர்கள். பஸ்ஹ் வழக்கில் அவைதான் உங்களுக்காகப் பேசும்.

7. காதியின் தீர்ப்பில் திருப்தி இல்லையென்றால் முப்பது நாளுக்குள் காதிகள் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம். அங்கே சட்டத்தரணி வரலாம். நாள் கடத்தாதீர்கள்.

8. காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். காதி முன்னால் சட்டத்தரணி பேச முடியாவிட்டாலும் விண்ணப்பத்தை ஒழுங்காக எழுத உதவி பெறலாம். பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். பெண்களுக்கான உதவித் தொலைபேசி 1938, பிள்ளைகளுக்கு 1929.

இது இருக்கிற சட்டத்துக்குள் செய்யக்கூடியது. இருக்கிற சட்டம் போதாது என்பதைத்தான் மேலே இவ்வளவு நீளமாக எழுதினேன். வயது 18 ஆக வேண்டும். கல்யாணப் பெண் தன் கையால் கையெழுத்து வைக்க வேண்டும். பெண்கள் காதியாகவும் ஜூரியாகவும் வர வேண்டும். விரும்பியவர் சட்டத்தரணியை அழைத்துப் போக முடிய வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் விவாகரத்து வாசல் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். 2021இல் அமைச்சரவை வரை போன பேச்சு, அதற்குப் பிறகு என்ன ஆனது என்று நம்மட எம்பிமாரிடம் கேளுங்கள். தேர்தல் காலத்தில் வீட்டு வாசலுக்கு வருவார்கள்தானே. அப்போது கேளுங்கள்.

பள்ளி நம்பிக்கையாளர் சபையில் இருக்கும் பெரியவர்களுக்கு: குடும்பப் பிரச்சினையில் ஆண் பக்கம் ஒருவர், பெண் பக்கம் ஒருவர் என்று இரண்டு மத்தியஸ்தர்களை வைக்கச் சொல்கிறது குர்ஆன். உங்கள் மேசையில் பெண் பக்கத்துக்கு யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். சந்தா கட்டாதவருக்குக் கல்யாணக் கடிதம் கொடுக்க மாட்டோம் என்று சட்டம் போட உங்களால் முடிகிறது. பிள்ளைக்குத் தாபரிப்புக் கட்டாதவருக்கு இரண்டாம் கல்யாணக் கடிதம் கொடுக்க மாட்டோம் என்று ஒரே ஒரு தீர்மானம் போடுங்கள். அதற்கு நாடாளுமன்றம் தேவையில்லை. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் முடிக்கலாம்.

கதீப்மாருக்கு: ஒரே ஒரு ஜும்ஆ. தாபரிப்பு என்ற தலைப்பு. மீதியை நீங்கள் என்னைவிட நன்றாகப் பேசுவீர்கள்.

எனக்கு வட்ஸ்அப் அனுப்பிய நானாவுக்கு: படிப்பிக்கிற வேலையைப் பார்க்கச் சொன்னீர்கள். அதைத்தான் பார்க்கிறேன். பசியோடும் பயத்தோடும் வருகிற பிள்ளைக்குப் பெருக்கல் வாய்ப்பாடு ஏறாது. அது என் தொழில் அனுபவம். உங்களுக்கும் மூன்று பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஒருத்தி என்னிடம் படித்தவள், நல்ல கெட்டிக்காரி. அவளுக்கு அப்படி ஒரு சீஆர் கொப்பித் தாள் வரக்கூடாது என்று நான் துஆச் செய்கிறேன். வந்தால், நேரம் காலம் பார்க்காமல் எனக்கு ஒரு கோல் எடுங்கள். அப்போதும் இதே மூன்று விஷயத்தைத்தான் சொல்வேன்.

அந்த உம்மா கையெழுத்து வைக்கவில்லை. தாபரிப்புக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார். இரண்டு தவணைக்கு அவர் வரவில்லை. மூன்றாம் தவணை அடுத்த மாதம். பிள்ளைக்குச் சப்பாத்து வந்துவிட்டது. யார் வாங்கிக் கொடுத்தது என்று கேட்காதீர்கள். வாங்கிக் கொடுக்க வேண்டியவர் இன்னும் வாங்கிக் கொடுக்கவில்லை.

திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம். கொமென்டில் அந்தப் பிள்ளை யார், உம்மா யார் என்று தேடுகிறவர்களை மட்டும் புளொக் செய்வேன். பயன்படும் என்று நினைத்தால் பகிருங்கள், என் பெயரைப் போட வேண்டிய அவசியமில்லை.

யா அல்லாஹ், எங்கள் பிள்ளைகளை எங்கள் சண்டைகளுக்கு விலையாக ஆக்கிவிடாதே. ஆமீன்.